காசு தின்பதால் காசமா?

"காசைத் திண்ட வருத்தம், அதான் காசம்" என்று நற்பிட்டிமுனையில் ஒரு பெரியவர் அண்மையில் விளக்கம் சொல்ல, சுற்றி இருந்தவர்களும் தலையாட்டினார்கள். காசில்லாதவனையும் பிடிக்கிற நோய்க்கு இது பொருந்தாது. 'காய்' என்ற வினையில் பிறந்தது என்பார் காய்ச்சலைக் காட்டுவர். இருமலை எங்கே ஒளித்தனரோ!

காசம் வடசொல், பொருள் இருமல், அவ்வளவே. ஆயுர்வேத நூலான சரக சங்கிதை காசத்தை ஐந்தாக வகுக்கிறது. ஐந்தாவது, சயத்தால், அதாவது உடல் தேய்வால் வருவது. தக்கன் சாபத்தால் சந்திரனைத் தேய்த்த இராசயட்சுமம் அங்கே தனி நோய். அந்த ஐந்தாம் காசமே மற்ற நான்கையும் விழுங்கிப் பெயரைத் தனதாக்கிக்கொண்டது என்பது என் துணிபு. கண்ணில் வரும் காசம் வேறு. அது கண்ணாடியைக் குறிக்கும் இன்னொரு வடசொல்லின் வழி வந்தது.

தமிழ்ப் பெயர் என்புருக்கி. நாச்சியார் திருமொழியில் ஆண்டாளுக்கு என்பு உருகுவது பிரிவால். மருத்துவன் அதையே நோய்க்குச் சூட்டினான். ஈழத்தில் நோயையே 'வருத்தம்' என்கிறோம். தமிழ்நாட்டார் கேட்டால் ஆறுதல் சொல்ல வந்துவிடுவார்கள். இப்னு சீனா எழுதிய 'சில்' என்ற அரபுச் சொல்லும் தேய்வையே குறிக்கும். ஆக, மற்றப் பெயர்கள் உடலைப் பார்த்துப் பிறக்க, நாம் இருமலைப் பிடித்துக்கொண்டோம்.

அதனால் நட்டம் உண்டு. கழுத்தில் நெறி கட்டுவதைப் பழையோர் கண்டமாலை என்றனர். 1882 மார்ச் 24இல் பெர்லினில் ராபர்ட் கோக் அறிவித்த கிருமி கழுத்திலும் குடியிருக்கும், முள்ளந்தண்டிலும் இருக்கும். இருமலே இல்லாத அத்தகைய நோயாளியிடம் "முந்திக் காசம் இருந்ததா?" என்று டொக்டர் கேட்டால், "இல்ல" என்றுதான் பதில் வரும். சளிக்கட்டு என்று சொல்லி மறைத்த வீடுகளிலும் அதே பதில்தான். கிருமியோ ஆண்டுக்கணக்கில் உடலில் உறங்கி, சீனி வருத்தம் வந்தாலோ எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து தொடங்கினாலோ எழும்பக்கூடியது.

ஆகவே உங்கள் வீட்டு மூத்தம்மாவிடம் காசம் என்ற சொல்லையே எடுக்காதீர்கள். "ஆறு மாசம் விடாமக் குளிசை குடிச்சீங்களா? மூத்திரம் செம்மஞ்சளாப் போனதா?" என்று கேளுங்கள். அந்தக் குளிசையில் உள்ள ரிஃபாம்பிசின் தரும் நிறம் அது. ஆம் என்றால், அடுத்த முறை போகும்போது கிளினிக் கொப்பியில் எழுதுவித்து விடுங்கள்.