1,959 புகார்கள்

1854 செப்டம்பரில் சென்னை அரசாங்கம் மூன்று பேர் கொண்ட கமிஷன் ஒன்றைப் போட்டது. எலியட், ஸ்டோக்ஸ், வக்கீல் நார்ட்டன். நிலவரி வசூலிக்கும்போது குடியானவர்களை வதைக்கிறார்களாமே, நிஜமா என்று விசாரிக்க வேண்டும். லண்டன் பார்லிமெண்டில் பேச்சு கிளம்பிவிட்டது. இனி மழுப்ப முடியாது.

1855 ஏப்ரலில் அறிக்கை வந்தது. மொத்தம் 1,959 புகார்கள். நேரில் வந்தவர்கள் 519 பேர், மீதி 1,440 கடிதங்கள். விரல்களை நசுக்கும் கிட்டி, ஆளை வளைத்துக் கட்டிப்போடும் அண்ணாந்தாள் எல்லாம் அறிக்கையில் வருகின்றன. 1857இல் மார்க்ஸ் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் இதை எடுத்து எழுதினார். கமிஷன் வெள்ளைக்கார அதிகாரிகள்மேல் பழி விழாமல் பார்த்துக்கொண்டது, அது வேறு கதை.

எனக்கு அந்த எண்ணிக்கைதான் உறுத்துகிறது. கமிஷன் உட்கார்ந்தது சென்னையில். பூந்தமல்லிக்காரர் விடியலில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் பட்டணம் போய்விடலாம். திருநெல்வேலிக்காரர்? அவருக்குக் கடிதம்தான். எழுதத் தெரியாதென்றால் எழுதிக் கொடுக்க ஒரு ஆள், அவருக்குக் கூலி. அடுத்தவன் நிலத்தில் கூலிக்கு உழைத்த பண்ணையாள் இந்த 1,959க்குள் எத்தனை பேர் வந்திருக்க முடியும்?

அதுவரை புகார் ஏன் மேலே போகவில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1816 முதல் தாசில்தார்தான் ஊரில் போலீஸ் தலைவர். வரிக்காக அடிக்கிறவரிடமே போய், அடிக்கிறாங்க சாமி என்று சொல்லணும். கமிஷனுக்குப் பிறகு, 1859 சட்டத்தில், போலீஸை வருவாய்த் துறையிலிருந்து தனியாகப் பிரித்தார்கள்.

ஆனால் கணக்கெடுக்கிற முறை பெரிதாக மாறவில்லை. இன்றைக்கும் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் கூட்டுவது ஸ்டேஷனில் பதிவானதைத்தான். ஒரே எஃப்ஐஆரில் நாலு குற்றம் இருந்தால் பெரியது ஒன்றுதான் கணக்கில் ஏறும். இதற்கு மாற்றாக அமெரிக்காவில் 1970களில் வீடு வீடாகப் போய்க் கேட்கத் தொடங்கினார்கள்: போன வருஷம் உங்க வீட்ல ஏதாவது திருடு போச்சா, யாராவது அடிச்சாங்களா, ஸ்டேஷனுக்குப் போனீங்களா? இந்தியாவில் ஐடிஎஃப்சி இன்ஸ்டிட்யூட் இப்படிக் கேட்டது டெல்லி, மும்பை, பெங்களூரு, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில்.

கிராமத்தில் கேட்பது இன்னும் கஷ்டம். கையில் ஃபார்மோடு ஒருவர் காலனித் தெருவுக்குள் நுழைந்தால், யாரு, என்னா விஷயம் என்று ஊர்ப் பெரிய மனுஷர் ஒருவர் கூடவே வந்துவிடுவார். அவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு "உங்களை யாராவது அடிச்சாங்களா" என்று கேட்டால், இல்லீங்க என்றுதான் பதில் வரும்.