புதிய பதிப்பும் பழைய நகலும்: மேகக்கணிமை அலுவலகக் கோப்புகளின் காப்பு மென்பொருளை மேம்படுத்துதல் குறித்து ஓர் ஆய்வு

முன்னுரை

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2011 ஜூன் மாதத்தில் ஆஃபிஸ் 365 சேவையைத் தொடங்கியது முதல், அலுவலக ஆவணங்கள் நிறுவனங்களின் சொந்தக் கணினியறையை விட்டு மேகக்கணிமைக்கு, அதாவது இணையத்தின் வழியே பயன்படுத்தப்படும் பிறருடைய தரவு மையங்களுக்கு, படிப்படியாக இடம்பெயர்ந்துள்ளன. மின்னஞ்சல் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனிலும், தனியாள் கோப்புகள் ஒன்டிரைவிலும், துறைசார் பொதுக்கோப்புகள் ஷேர்பாயின்டிலும் தங்கியிருக்க, அவற்றின் தனிநகலை வேறோர் இடத்தில் நாள்தோறும் எடுத்துவைக்கும் பணியைக் காப்பு மென்பொருள் செய்கிறது. பேக்கப் என்று அன்றாட வழக்கில் சொல்லப்படும் இந்நகல், இக்கட்டுரையில் காப்புநகல் எனப்படுகிறது. காப்பு மென்பொருளின் பதிப்பை உயர்த்துவது நடைமுறையில் ஒரு நிறுவல் வேலையாகவே கருதப்பட்டு, புதிய பதிப்பு பிழையின்றி ஏறி, அன்றிரவு நகலெடுப்பு வெற்றி என்று திரையில் காட்டிவிட்டால் பணி முடிந்ததாகக் கொள்ளப்படுகிறது. இக்கணிப்பு பிழையானது என்பதும், பழைய பதிப்பு எழுதிவைத்த நகல் ஒன்றைப் புதிய பதிப்பு திறந்து முழுமையாக மீட்டுத் தந்த பிறகே மேம்படுத்தல் நிறைவுறுகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

மீட்புத்தொட்டி வேறு, காப்புநகல் வேறு

மேகக்கணிமையில் கோப்பு இருப்பதே பாதுகாப்பு என்னும் எண்ணம் பரவலாக இருப்பதால், தனிக்காப்பின் தேவையை முதலில் நிறுவ வேண்டியுள்ளது. சேவை தடையின்றி இயங்குவதற்கு வழங்குநரும், அதில் வைக்கப்படும் தரவுக்கு வாடிக்கையாளரும் பொறுப்பு என்பதே இத்துறையில் பகிர்ந்த பொறுப்பு என வழங்கும் ஏற்பாடு. ஷேர்பாயின்டிலும் ஒன்டிரைவிலும் நீக்கப்படும் கோப்பு மீட்புத்தொட்டியில் 93 நாட்கள் இருக்கும். எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் நீக்கப்பட்ட மடலை மீட்கும் காலம் இயல்பாக 14 நாட்கள். நிர்வாகி விரும்பினால் அதனை 30 நாட்கள் வரை நீட்டலாம். ஏப்ரலில் தவறுதலாக நீக்கப்பட்ட ஒப்பந்தக் கோப்பு அடுத்த மார்ச்சில் தணிக்கையாளர் கேட்கும்போதுதான் தேடப்படும் என்றால், அதற்குள் தொட்டி காலியாகியிருக்கும்.

வழங்குநர் ஒரே கோப்பைப் பல தரவு மையங்களில் வைத்திருப்பதும் காப்புநகலுக்கு ஈடாகாது. அந்தப் பிரதிகள் ஒன்றையொன்று பின்பற்றுபவை ஆதலால், ஓரிடத்தில் நிகழும் நீக்கம் எல்லா இடங்களையும் சென்றடைகிறது. 2024 மே மாதத்தில் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியம் கூகுள் கிளவுடில் வைத்திருந்த தனிமேகக் கணக்கு, ஓர் உள்ளமைவுப் பிழையால், இரண்டு புவியியல் மண்டலங்களிலும் ஒருசேர அழிந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட அந்நிதியம் மீண்டெழுந்ததற்கு, வேறொரு வழங்குநரிடம் வைக்கப்பட்டிருந்த காப்புநகல்கள் பெரிதும் துணைநின்றன.

தேங்கி நிற்பதன் விலை

ஓடுகிற இயந்திரத்தைத் தொடாதே என்னும் நிர்வாகிகளின் பழைய விதி, மேகக்கணிமைக் காப்பில் பொருந்தாது. காப்பு மென்பொருள், சேவை திறந்துவிடும் இடைமுகத்தின் வழியாகவே, அதாவது ஒரு நிரல் மற்றொரு நிரலோடு பேசுவதற்கென வரையறுக்கப்பட்ட வாயிலின் வழியாகவே, கோப்புகளை எடுக்கிறது. அந்த வாயிலை மாற்றும் உரிமை வழங்குநரிடம் உள்ளது. பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒவ்வொரு கோரிக்கையோடும் அனுப்பும் அடிப்படை அடையாளச் சரிபார்ப்பு முறையை எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் நிலையாக முடக்கும் பணியை மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபரில் தொடங்கியபோது, அம்முறையை நம்பியிருந்த காப்பு ஏற்பாடுகள் புதிய முறைக்கு மாற வேண்டியதாயிற்று. காப்பு மென்பொருள்கள் நீண்ட காலம் சார்ந்திருந்த எக்ஸ்சேஞ்ச் வெப் சர்வீசஸ் என்னும் வாயிலையும் 2026 அக்டோபரிலிருந்து அடைக்கப்போவதாக அதே நிறுவனம் 2023இல் அறிவித்தது. நிர்வாகி எதையும் தொடாமல் இருந்தாலும், மென்பொருள் நிற்கும் தரை நகர்ந்துகொண்டே இருக்கிறது.

தரை நகர்ந்ததை மென்பொருள் உரத்துச் சொல்லும் என்பதற்கும் உறுதியில்லை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், துணைச் சேவையகம் என்று கருதி முதன்மைச் சேவையகத்தின் தரவுக் கோப்புறையை நீக்கத் தொடங்கி, தவறை உணர்ந்து நிறுத்துவதற்குள் ஏறத்தாழ 300 ஜிகாபைட் தரவில் 4.5 ஜிகாபைட்டே எஞ்சியது. காப்புநகலைத் தேடியபோது, அது இருக்க வேண்டிய சேமிப்பிடம் காலியாக இருந்தது. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ்கியூஎல் 9.6 பதிப்புக்கு உயர்ந்திருக்க, நகலெடுக்கும் கருவியோ 9.2 பதிப்பிலேயே நின்றுவிட்டதால், ஒவ்வொரு முறையும் நகலெடுப்பு பிழையோடு முடிந்திருக்கிறது. பிழையை அறிவிக்க அனுப்பப்பட்ட மின்னஞ்சல்களைப் பெறும் சேவையகம், அனுப்புநர் அடையாளம் உறுதிப்படாதவை எனத் திருப்பிவிட்டிருக்கிறது. வேறொரு தேவைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுக்கப்பட்டிருந்த நகல் ஒன்று தற்செயலாகக் கிடைத்திராவிட்டால் இழப்பு மிகப் பெரிதாகியிருக்கும்.

பாதுகாப்புக் குறைகளும் இதே திசையில் நெருக்குகின்றன. பணயத் தீநிரலை ஏவுவோர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்போர், முதலில் காப்புநகல்களைத் தேடி அழிக்கிறார்கள். வீம் பேக்கப் அண்டு ரெப்ளிகேஷன் மென்பொருளில் 10க்கு 9.8 என்ற கடுமை மதிப்பெண் பெற்ற ஒரு குறை 2024 செப்டம்பரில் திருத்தப்பட்டது. அடுத்த சில வாரங்களிலேயே, திருத்தத்தை ஏற்றாத நிறுவனங்கள் மீது அக்குறையைப் பயன்படுத்தித் தாக்குதல்கள் நடந்தன.

கவனமின்மையின் விலை

மேம்படுத்தாமல் இருப்பது ஆபத்து என்பதால் எவ்வாறாயினும் மேம்படுத்திவிடலாம் என்று ஆகிவிடாது. கியோட்டோ பல்கலைக்கழகத்தின் மீக்கணினியில் 2021 டிசம்பர் 14 முதல் 16 வரை நிகழ்ந்தது இதற்குச் சான்று. அங்கே காப்புப் பணியின் ஒரு பகுதியாக, 10 நாட்களுக்கு மேற்பட்ட பதிவேட்டுக் கோப்புகளை நீக்கும் கட்டளைநிரல் ஒன்று இயங்கிவந்தது. வாசிப்பதற்கு எளிதாக்கும் நோக்கில் திருத்தப்பட்ட அதன் புதிய வடிவம், பழைய வடிவம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் எழுதப்பட்டது. அந்நிரலை இயக்கும் பாஷ் என்னும் கட்டளையோடி கோப்பை முழுதாக ஏற்றிக்கொள்ளாமல், ஓட ஓடச் சிறிது சிறிதாக வாசிப்பது. ஆகவே பாதிவழியில் புதிய நிரலின் நடுப்பகுதிக்குள் நுழைந்தது. எந்தக் கோப்புறையில் தேட வேண்டும் என்பதைக் குறிக்கும் மாறிக்கு மதிப்பு ஏற்றப்படாமலேயே நீக்கக் கட்டளை இயங்கியதால், பதிவேடுகளுக்குப் பதிலாக ஆய்வாளர்களின் கோப்புகள் அழிந்தன. ஏறத்தாழ 77 டெராபைட் அளவிலான, 3 கோடியே 40 லட்சம் கோப்புகள் போயின. 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அவற்றுள் 4 குழுக்களின் தரவைக் காப்புநகலிலிருந்தும் மீட்க இயலவில்லை.

அழித்தது காப்புக்கென ஏற்பட்ட நிரல் என்பதே இந்நிகழ்வின் பாடம். காப்பு மென்பொருளுக்கு எல்லாக் கோப்புகளையும் வாசிக்கும் உரிமையும், காலாவதியானவற்றை நீக்கும் உரிமையும் தரப்பட்டிருப்பதால், அதை மாற்றும் தருணமே முழு ஏற்பாட்டிலும் பலவீனமான தருணம். எனவே ஓடிக்கொண்டிருக்கும் பணிகள் யாவும் முடிந்து, அடுத்த பணிகள் நிறுத்திவைக்கப்பட்ட பின்னரே பதிப்பை மாற்றத் தொடங்க வேண்டும் என்பது மாற்றமுடியாத விதியாக இருத்தல் வேண்டும்.

சட்டத்தின் காலமும் பதிப்பின் காலமும்

இரு ஆபத்துகளுக்கும் அடியில் ஆழமான ஒரு சிக்கல் உள்ளது. இந்தியாவின் 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 128ஆம் பிரிவு, கணக்கேடுகளை 8 நிதியாண்டுகள் பேணச் சொல்கிறது. அச்சட்டத்தின் கீழான 2014ஆம் ஆண்டுக் கணக்கு விதிகள், மின்னணு ஏடுகளின் காப்புநகலை இந்தியாவில் உள்ள சேவையகத்தில் வைக்க வேண்டும் என்று கூற, 2022 ஆகஸ்டில் வந்த திருத்தம் அக்காப்பு நாள்தோறும் எடுக்கப்பட வேண்டும் என்று இறுக்கியது. ஆவணம் வாசிக்கத்தக்க வடிவில் காட்டப்படக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதும் அவ்விதிகளில் அடங்கும். அதாவது, சட்டம் கேட்பது நகலின் இருப்பை மட்டுமன்று, அதன் வாசிப்புத்தகுதியையும்.

இதனோடு மென்பொருளின் ஆயுளை ஒப்பிட வேண்டும். மைக்ரோசாஃப்ட் 365 கோப்புகளுக்கான வீம் காப்பு மென்பொருளின் முதற்பதிப்பு 2016இலும், எட்டாம் பதிப்பு 2024இலும் வெளிவந்தன. இடைப்பட்ட காலத்தில் 2019இல் பொருள்சேமிப்பகம் எனப்படும் புதுவகைச் சேமிப்பிடமும், 2020இல் டீம்ஸுக்கான காப்பும் சேர்ந்தன. எட்டாம் பதிப்பில் மென்பொருளின் உள்ளமைவு விவரங்கள் போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்துக்கு மாறின. சட்டம் கேட்கும் 8 ஆண்டுகளுக்குள் ஒரே மென்பொருள் எட்டுப் பதிப்புகளைக் கடந்திருக்கிறது. எட்டாம் பதிப்பு வந்தபோதும் முதற்பதிப்பு எழுதிய நகல் கடமைக்கு உட்பட்டதாக இருக்க, அதை எழுதிய பதிப்பு என்றோ வழக்கொழிந்துவிட்டிருந்தது.

பழைய நகலைப் புதிய வடிவத்துக்கு மாற்றுவதிலும் இடையூறுகள் உள்ளன. சேமிப்பகத்தின் வடிவம் ஒருமுறை மாற்றப்பட்டால் பழைய பதிப்பால் அதைப் பெரும்பாலும் திறக்க முடியாது. ஆகவே பின்வாங்கும் வழி அடைபடுகிறது. மாற்றத்துக்கு மாறாக எல்லாவற்றையும் புதிதாக நகலெடுப்பதென்றால், 10 டெராபைட்டை விநாடிக்கு 50 மெகாபைட் வேகத்தில் எடுக்கவே ஏறத்தாழ 56 மணி நேரம் ஆகும். அளவுமீறிய கோரிக்கைகளைச் சேவை தடுத்து நிறுத்தும்போது அது மேலும் நீளும். அவ்வாறு எடுத்தாலும் கிடைப்பது இன்றைய நிலையே தவிர, நீக்கப்பட்டுவிட்ட நேற்றைய கோப்பு அன்று. தீநிரலுக்கு அஞ்சிக் குறித்த காலம்வரை எவராலும் மாற்றவோ அழிக்கவோ முடியாதபடி பூட்டப்பட்ட நகல்களை இருந்த இடத்திலேயே வடிவம் மாற்றவும் இயலாது. ஆகவே பழைய வடிவத்தை அப்படியே வாசிக்கும் ஆற்றல் புதிய பதிப்புக்கு இருக்கிறதா என்பதே மேம்படுத்தலின் முதற்கேள்வியாகிறது.

எதிர்வாதங்கள்

பதிப்பு உயர்த்தும் சுமையே இல்லாத வழி வந்துவிட்டது என்பது முதல் எதிர்வாதம். மைக்ரோசாஃப்ட் 2024 ஜூலை 31 அன்று தனது சொந்தக் காப்புச் சேவையைப் பொதுப்பயன்பாட்டுக்குத் திறந்தது; அதில் வாடிக்கையாளர் நிறுவ வேண்டிய மென்பொருள் ஏதுமில்லை. வேகமான மீட்புக்கு அது பயன்தருவது உண்மையே. ஆயினும் தொடக்கத்தில் அது நகலைப் பேணும் காலம் ஓராண்டு. 8 ஆண்டுக் கடமையை அது தனித்து நிறைவேற்றாது. மேலும், கோப்பும் நகலும் ஒரே வழங்குநரின் எல்லைக்குள் இருப்பது, யூனிசூப்பர் நிகழ்வு காட்டிய படிப்பினைக்கு எதிரானது. வழங்குநரே பதிப்பை உயர்த்தினாலும் பழைய நகலைத் திறந்து பார்க்கும் பொறுப்பு வாடிக்கையாளரை விட்டு நீங்குவதில்லை.

ஒவ்வொரு முறையும் மீட்புச் சோதனை செய்ய ஆளும் நேரமும் இல்லை என்பது இரண்டாவது எதிர்வாதம். சோதனை முழு அளவினதாக இருக்க வேண்டியதில்லை. நகலில் உள்ள மிகப் பழைய நாளிலிருந்து ஓர் அஞ்சல்பெட்டி, இடைக்காலத்திலிருந்து ஒரு ஷேர்பாயின்ட் கோப்புறை, அண்மைய நாளிலிருந்து ஓர் ஒன்டிரைவ் கணக்கு என மூன்றை வெற்றிடம் ஒன்றில் மீட்டு, கோப்புகளின் எண்ணிக்கையையும் உள்ளடக்கத்தையும் அணுகல் உரிமைகளையும், மேம்படுத்தலுக்கு முன் அதே மூன்றை மீட்டபோது கிடைத்தவற்றோடு ஒப்புநோக்கினால் போதும். ஒருநாள் உழைப்பில் முடியும் இவ்வேலையைத் தவிர்ப்பதற்கு நேரமின்மை தக்க காரணமாகாது.

முடிவுரை

கிட்லேபில் கருவி பின்தங்கியதால் நகல் பிறக்கவே இல்லை. கியோட்டோவில் கருவி தவறான தருணத்தில் மாறியதால் மூலமே அழிந்தது. எதிரெதிரான இவ்விரு தவறுகளையும் ஒரே கேள்வி தடுத்திருக்கும்: இன்று ஒரு கோப்பைக் கேட்டால் இந்த ஏற்பாடு அதைத் திருப்பித் தருமா? கிட்லேபில் அக்கேள்வி மாதம் ஒருமுறை செயலில் கேட்கப்பட்டிருந்தால் காலியான சேமிப்பிடம் முன்பே கண்ணில் பட்டிருக்கும். கியோட்டோவில் மாற்றிய நிரலை ஒரு சோதனைக் கோப்புறையில், ஓட்டத்தின் நடுவில் மாற்றுவது உட்பட, முதலில் இயக்கிப் பார்த்திருந்தால் அதன் போக்கு அங்கேயே வெளிப்பட்டிருக்கும்.

ஆகவே மேம்படுத்தலுக்கு முன் காப்புச் சேவையகத்தின் உள்ளமைவையும் மறைகுறியாக்கச் சாவிகளையும் தனியே படியெடுத்து வைப்பதும், பணிகளை நிறுத்திப் பதிப்பை உயர்த்துவதும், பழைய நகல்களை மீட்டு ஒப்புநோக்குவதும், ஒப்புநோக்கிய நாளையும் செய்தவரையும் பதிவேட்டில் எழுதுவதும் ஒரே செயலின் பிரிக்கமுடியாத படிகளாகக் கருதப்பட வேண்டும். அலுவலகங்களின் மாற்றப் பதிவேடுகளில் 'புதிய பதிப்பு நிறுவப்பட்டது' என்ற வரியோடு பணி மூடப்படும் வழக்கம் நீங்கி, மிகப் பழைய நகலிலிருந்து மீட்ட கோப்பின் பெயரும் தேதியும் எழுதப்பட்ட பின்னரே அது மூடப்படும் வழக்கம் வருமானால், 8 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை இன்று கேட்பவருக்கு அது கிடைக்கும்.