மரியா லூஸ் வழக்கும் மெய்ஜி அரசின் விடுதலை ஆணையும் (1872–1875)

முன்னுரை

மக்காவுத் துறைமுகத்திலிருந்து பெரு நாட்டின் கல்யாவோ நோக்கிச் சென்ற ‘மரியா லூஸ்’ என்னும் பெரு நாட்டுப் பாய்மரக் கப்பல், புயலால் சேதமுற்று 1872 ஜூலையில் யோகொஹாமாத் துறைமுகத்தை அடைந்தது. அதில் 230க்கும் மேற்பட்ட சீனத் தொழிலாளர் இருந்தனர். அவருள் ஒருவர் இரவில் கடலில் குதித்து நீந்தி, அருகே நங்கூரமிட்டிருந்த ‘அயன் டியூக்’ என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலில் தஞ்சம் புகுந்தார். தாமும் பிறரும் கப்பலில் கொடுமைப்படுத்தப்படுவதாக அவர் முறையிட்டார். அம்முறையீட்டின் பேரில் தொடங்கிய விசாரணை, நவீன ஜப்பான் பன்னாட்டு நடுவர் தீர்ப்புக்கு உட்பட்ட முதல் வழக்காக வளர்ந்தது.

ஜப்பானியப் பொது வரலாறுகளில் இந்நிகழ்வு மனிதநேயத்தின் வெற்றியாகவே பெரும்பாலும் கூறப்படுகிறது. அக்கூற்று பிழையன்று, ஆயினும் முழுமையானதும் அன்று. பிறநாட்டவரின் அடிமைத்தளையை அறுக்க முன்வந்த அரசு, அதே நீதிமன்றத்தில் தன் சொந்தச் சமூகத்தின் தளை குறித்த வினாவை எதிர்கொள்ள நேர்ந்தது. அவ்வினாவும் அதற்கு அவ்வரசு அளித்த விடையுமே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

அதிகாரவரம்புச் சிக்கல்

1858இல் அமெரிக்கா, நெதர்லாந்து, உருசியா, பிரித்தானியா, பிரான்சு ஆகிய ஐந்து நாடுகளுடன் செய்துகொண்ட ஒப்பந்தங்களின்படி, ஜப்பானிய மண்ணில் குற்றமிழைக்கும் அந்நாட்டவரை விசாரிக்கும் உரிமை அவரவர் துணைத்தூதரக நீதிமன்றங்களுக்கே இருந்தது. பின்னர் ஒப்பந்தம் செய்த நாடுகளும் இச்சலுகையைப் பெற்றன. பெருவோ 1872இல் ஜப்பானுடன் எவ்வித ஒப்பந்தமும் செய்திருக்கவில்லை. ஆகவே அந்நாட்டுக் கப்பல்தலைவர் ரிக்கார்டோ ஹெரேராவை விசாரிக்க ஜப்பானிய அரசுக்குச் சட்டத்தடை இல்லை என்னும் வாதம் எழுந்தது. கப்பல் ஒப்பந்த நாடொன்றினதாக இருந்திருப்பின் இவ்வழக்கு ஜப்பானிய அதிகாரி முன் வந்திருக்கவே வாய்ப்பில்லை. சமனற்ற ஒப்பந்தங்களின் வலையில் அமைந்த ஓர் ஓட்டையே இவ்வழக்கை இயலச்செய்தது எனலாம்.

பிரித்தானியப் பொறுப்புத் தூதர் ராபர்ட் கிராண்ட் வாட்சன், வெளியுறவு அமைச்சர் சோயெஜிமா தனெஓமியை விசாரணைக்குத் தூண்டினார். இவாகுரா தூதுக்குழுவுடன் மூத்த தலைவர் பலர் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்த காலம் அது. ஒப்பந்தத் திருத்தமே அப்போது ஜப்பானின் தலையாய வேட்கை. நாகரிக நாடுகளுக்கு இணையாகத் தன்னால் நீதி வழங்க முடியும் என்று காட்டக் கிடைத்த வாய்ப்பை சோயெஜிமா நழுவவிட விரும்பவில்லை. ஆயினும் அரசுக்குள்ளேயே தயக்கம் இருந்தது; யோகொஹாமாவிலிருந்த துணைத்தூதர் சிலரும் ஆட்சேபித்தனர்.

விசாரணையை ஏற்றவர் கனகாவா மாநில ஆட்சிப் பொறுப்பிலிருந்த ஓயே தகு. தீண்டத்தகாதோராக ஒதுக்கப்பட்டிருந்த மக்களின் இழிநிலையை நீக்குமாறு 1871இல் அரசுக்கு விண்ணப்பம் அளித்தவர் இவர். அவ்வாண்டே அந்நிலை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. இப்பின்னணி வழக்கின் போக்கிற்குத் தொடர்பற்றதன்று. சீனத் தொழிலாளர், விலைமகளிர், ஒதுக்கப்பட்ட குடியினர் ஆகிய மூவகையினரின் ‘விடுதலை’யையும் ஒருங்கே வைத்து நோக்கவேண்டும் என்பது டேனியல் பாட்ஸ்மனின் நிலைப்பாடு, அதற்கு ஓயேயின் வாழ்க்கையே நல்ல சான்று.

கப்பல்தலைவர் தொழிலாளரைத் துன்புறுத்தியது உறுதிப்பட்டது. எனினும் தண்டனை மன்னிக்கப்பட்டது. ஹெரேரா அத்துடன் நிற்கவில்லை. தொழிலாளர் கையொப்பமிட்ட உடன்படிக்கைகளை நிறைவேற்றித் தருமாறு அவர் வழக்குத் தொடுத்தார்.

டிக்கின்ஸின் எதிர்வினா

ஹெரேராவின் சார்பில் வாதிட்டவர் பிரெடரிக் விக்டர் டிக்கின்ஸ் என்னும் ஆங்கிலேய வழக்குரைஞர். ஜப்பானியச் செய்யுள் தொகைநூல் ஒன்றை 1866இலேயே ஆங்கிலத்தில் பெயர்த்த இவருக்கு அச்சமூகம் அயலானதன்று. ஆளை அடிமைப்படுத்தும் உடன்படிக்கை ஜப்பானில் செல்லாது என்றால், பரத்தையர் விடுதிகளில் பெண்களைப் பிணைக்கும் பத்திரங்கள் எப்படிச் செல்லும் என்று அவர் வினவினார். அத்தகைய பத்திரமொன்றைச் சான்றாகவும் முன்வைத்தார். தந்தையோ காப்பாளரோ முன்பணம் பெற்றுக்கொண்டு மகளைக் குறித்த ஆண்டுகளுக்கு விடுதி உரிமையாளரிடம் ஒப்படைப்பதே அம்முறை. மக்காவு உடன்படிக்கைக்கும் அதற்கும் அடிப்படை வேறுபாடு காண்பது எளிதன்று. இரண்டிலும் முன்பணம், குறித்த காலம், பெயரளவிலான இசைவு ஆகியவை இருந்தன. இரண்டிலும் இடையில் விலகும் உரிமை இல்லை.

(‘கூலி’ என ஐரோப்பியர் இத்தொழிலாளரைக் குறித்த சொல்லின் வேர் நம் தமிழ்ச்சொல்லே எனக் கருதுவோர் உண்டு, மாற்றுக் கருத்தும் உண்டு. எவ்வாறாயினும், உழைப்பின் ஊதியத்தைச் சுட்டிய சொல் உழைப்பவனையே சுட்டும் பெயரானது இவ்வணிகத்தின் இயல்பை உணர்த்தவல்லது.)

ஓயே அந்த ஒப்புமையை ஏற்கவில்லை. விருப்பமற்றவரை நாட்டெல்லைக்கு வெளியே கட்டாயமாகக் கொண்டுசெல்லும் உடன்படிக்கையை நிறைவேற்ற இயலாது எனத் தீர்ப்பளித்தார். எல்லைக்கு வெளியே என்னும் இவ்வரையறை சட்டத்திறம் வாய்ந்தது. உள்நாட்டு வழக்கத்தைத் தொடாமலேயே சீனரை விடுவிக்க அது உதவியது. ஹெரேரா கப்பலைக் கைவிட்டு நீங்கினார். சீன அரசின் தூதர் வந்து தொழிலாளரை ஷாங்காய்க்கு அழைத்துச் சென்றார். யோகொஹாமாவாழ் சீனர் நன்றியறிதலாக அளித்த பெரும் பட்டுக்கொடி கனகாவா மாநில ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளது.

ஆணையும் அதன் மறுபக்கமும்

தீர்ப்பில் தவிர்க்கப்பட்ட வினா அரசவையில் தவிர்க்கப்படவில்லை. 1872 நவம்பர் 2 அன்று, ஆள் விற்பனையைத் தடைசெய்தும் பரத்தையர், கெய்ஷா மகளிர் ஆகியோரை விடுவித்தும் அரசு ஆணை பிறப்பித்தது. அதையடுத்து நீதி அமைச்சகம் வெளியிட்ட ஆணை வியப்புக்குரியது. இப்பெண்கள் மனித உரிமை இழந்தவர்கள், மாடு குதிரைகளை ஒத்தவர்கள். மாடு குதிரைகளிடம் கடனைத் திருப்பிக் கேட்க இயலாது. ஆகவே கடன் ரத்து என்பது அதன் தருக்கம். ‘மாடு குதிரை அவிழ்ப்பு ஆணை’ எனும் ஏளனப்பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. விடுதலையளிக்கும் வாசகமே விடுதலை பெறுவோரை விலங்காக்குகிறது.

டிக்கின்ஸின் வாதமே ஆணைக்கு முழுக்காரணம் எனல் மிகை. நீதித்துறைக்குள் ஆள்பிணைப்பு குறித்த வரைவு வழக்குக்கு முன்பே பேசப்பட்டதை ஆய்வாளர் சுட்டியுள்ளனர். வழக்கு அவ்வரைவை விரைவுபடுத்தியது என்பதே பொருத்தமான மதிப்பீடு.

ஆணை ஆண்டொன்றுக்குமேல் அதே வடிவில் நீடிக்கவில்லை. 1873இல் டோக்கியோவில் வகுக்கப்பட்ட விதிகளின்படி விடுதிகள் ‘வாடகைக் கூடங்கள்’ எனப் பெயர் மாறின. பெண்கள் தம் விருப்பத்தால் தொழில்புரிவோராக உரிமம் பெற்றனர். விற்பனைப் பத்திரம் கடன் பத்திரமாயிற்று. பெற்றோர் பெற்ற முன்பணம் மட்டும் மாறவில்லை.

இதற்கிடையே பெருவின் தூதர் அவுரேலியோ கார்சியா இ கார்சியா 1873இல் டோக்கியோ வந்து இழப்பீடு கோரினார். உருசியப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தரை நடுவராக ஏற்க இருதரப்பும் இசைந்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் இரு நாடுகளிடையே ஒப்பந்தமும் கையெழுத்தானது. ஜப்பான் நல்லெண்ணத்துடன் தன் சட்டத்தின்படி நடந்தது என்றும், பன்னாட்டுச் சட்டத்தை மீறவில்லை என்றும், எனவே இழப்பீட்டுப் பொறுப்பு அதற்கு இல்லை என்றும் 1875 மே மாதம் பேரரசர் தீர்ப்பளித்தார். ஜப்பானிய நீதியமைப்பு உலக அரங்கில் பெற்ற முதல் ஏற்பு இது. ஆயினும் துணைத்தூதரக நீதிமன்றங்கள் 1899 வரை நீடித்தன.

டிக்கின்ஸ் காட்டிய பத்திரத்திற்கு இன்னும் நெடிய ஆயுள் இருந்தது. 1900இல் உச்ச முறையீட்டு மன்றம், பெண்ணின் உடலைப் பிணைக்கும் உடன்படிக்கை செல்லாது என்றது. கடன் செல்லும் என்றது. தொழிலை விட்டு விலகும் உரிமை ஏட்டில் இருந்தும், கடனைத் தீர்க்க வழியற்ற பெண்ணுக்கு அது பயன்படவில்லை. 1955 அக்டோபரில்தான், தந்தை பெற்ற முன்பணத்தையும் மகளின் பணியையும் பிரிக்க இயலாது எனக் கண்ட உச்ச நீதிமன்றம், அக்கடனும் பொது ஒழுங்கிற்கு முரணானது, செல்லாது என அறிவித்தது.