மலை முந்திரிகையும் மலிவான வைனும்

இந்த முறை கட்டைபறிச்சானுக்கு விடுமுறையில் வந்த பாரிஸ் மச்சான் ஒரு வைன் போத்தல் கொண்டுவந்தார். ஆர்ஜன்டீனாவின் மெண்டோசாவில் செய்தது, ஏழு யூரோதானாம். “இருபது வருசமா உணவகத்தில வேலை செய்யிறன். இந்த விலைக்கு இப்பிடிச் சாமான் பிரான்சிலயே கிடைக்காது” என்றார். ஏன் என்று தேடிப் படித்தேன்.

மெண்டோசாவின் முந்திரிகைத் தோட்டங்கள் அந்தீஸ் மலையடிவாரத்தில், பெரும்பாலும் 600 முதல் 1500 மீற்றர் உயரத்தில் இருக்கின்றன. வடக்கே சால்ட்டா மாகாணத்தில் 3000 மீற்றருக்கு மேலும் கொடி வளர்க்கிறார்கள். ஒவ்வொரு 1000 மீற்றருக்கும் ஏறத்தாழ 6 பாகை குளிர் கூடும். பகல் வெயிலில் பழம் இனிக்கிறது. இரவுக் குளிர் அதன் புளிப்பைக் காக்கிறது. மலை வெயிலின் கடுமையில் தோல் தடித்து நிறமும் ஏறுகிறது. இனிப்பும் புளிப்பும் ஒன்றையொன்று விழுங்காமல் நிற்பதால்தான் அந்தச் சுவை.

மலிவுக்குக் காரணம் வேறு. அங்கே வருடத்துக்கு ஏறத்தாழ 200 மில்லிமீற்றர் மழைதான். ஈரம் இல்லாததால் பூஞ்சண நோயும் மருந்துச் செலவும் குறைவு. உருகிய பனிநீர் வாய்க்காலில் வந்து சேர்கிறது. நிலமும் கூலியும் ஐரோப்பாவைவிட மலிவு. மலைநாடு என்றாலும் தோட்டங்கள் பெரும்பாலும் சாய்வு குறைந்த பரந்த நிலத்தில் இருப்பதால் இயந்திரம் ஓடும்.

எங்கள் நுவரெலியாவிலும் உயரமும் குளிரும் உண்டு. ஆனால் அந்த மழையும் மூட்டமும் தேயிலைக்கு நல்லது, முந்திரிகைக்கு ஆகாது. வரண்ட யாழ்ப்பாணத்தில் முந்திரிகை விளைகிறது. தோலகட்டி ஆச்சிரமத் துறவிகளின் வைனை அறியாதவர் அங்கே குறைவு. போர் அவர்களையும் இடம்பெயர வைத்தது.

மெண்டோசாவுக்குப் பேர் வாங்கிக்கொடுத்த மல்பெக் கொடி, 1853இல் பிரான்சிலிருந்து ஆர்ஜன்டீனாவுக்குப் போனது. இதைச் சொன்னதும் மச்சான் சிரித்தார்: “அதுவும் என்னைப்போல ஊர்விட்டுப் போனதுதான்.”

முந்திரிகைக் கொடி நட்டால் பயன்தர மூன்று வருடமாவது வேண்டும். அந்த மூன்று வருடமும் நட்டவன் அங்கேயே இருக்கவேண்டும். 2006இல் மூதூர்ச் சண்டையில் ஓடித் திரும்பிய நாங்கள் கனகாலம் கச்சான், பயறு என்று மூன்று நாலு மாதத்தில் பிடுங்கக்கூடியதையே போட்டோம்.

மச்சான் போகமுதல் வளவில் இரண்டு மாங்கன்று நட்டோம். காய்க்க நாலைந்து வருடம் ஆகும்.