பல்கலைக்கழகப் பதிவாளரும் இராமானுசனும்

பல்கலைக்கழகப் பதிவாளர் என்பவர் துணைவேந்தரின் கீழ் நின்று அலுவலக நிர்வாகத்தை நடத்தும் அதிகாரி ஆவார். அமெரிக்கக் கல்லூரிகளில் தலைவருக்குத் துணையாக இருந்து பல துறைகளை ஒருங்கிணைக்கும் 'சீஃப் ஆஃப் ஸ்டாஃப்' என்ற பதவி உண்டு. தமிழ்நாட்டில் அதற்கு நெருக்கமானது பதிவாளர் பதவி. கணித மேதை சீனிவாச இராமானுசனின் வாழ்க்கையில் இப்பதவிக்கு இருந்த பங்கு அதிகம் பேசப்படுவதில்லை.

பணிகள்

பல்கலைக்கழக ஆவணங்களையும் முத்திரையையும் காப்பது, ஆட்சிக்குழுவின் கூட்டங்களைக் கூட்டுவது, கடிதப் போக்குவரத்தை நடத்துவது ஆகியவை பதிவாளரின் பணிகள். முடிவெடுப்பது குழு, அம்முடிவுக்கு வேண்டிய தாள்களைக் குழுவின் முன் வைப்பதும், பின்னர் முடிவைச் செயலாக்குவதும் பதிவாளர்.

ஆய்வு உதவித்தொகை (1913)

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நிறுவப்பட்டது. 1912 முதல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்த இராமானுசனிடம் பட்டம் எதுவும் இல்லை. வானிலை ஆய்வாளர் கில்பர்ட் வாக்கர் 1913 பிப்ரவரி 26 அன்று அவருக்காகப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். அக்கடிதம் பதிவாளருக்கே எழுதப்பட்டது. கணிதப் பாடக்குழுவும் ஆட்சிக்குழுவும் ஆராய்ந்த பின், மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு உதவித்தொகை தரப்பட்டது. இராமானுசன் காலாண்டுக்கு ஒரு முறை ஆய்வறிக்கை தர வேண்டியிருந்தது. அவற்றைப் பாடக்குழுவுக்குப் பதிவாளர் வழியாகவே அனுப்பினார்.

கேம்பிரிட்ஜ் பயணம் (1914)

கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஈ. எச். நெவில் 1914 ஜனவரி 28 அன்று பதிவாளர் பிரான்சிஸ் டியூஸ்பரிக்குக் கடிதம் எழுதி, இராமானுசனை இங்கிலாந்துக்கு அனுப்புவதன் முக்கியத்துவத்தை விளக்கினார். ஆட்சிக்குழு 10,000 ரூபாய் ஒதுக்க முன்வந்தது; ஆனால் அதற்கு அரசின் ஒப்புதல் தேவைப்பட்டது. துறைமுகக் கழகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் பிப்ரவரி 5 அன்று ஆளுநரின் தனிச் செயலருக்கு எழுதினார். ஆளுநர் பென்ட்லண்டை அணுகும் வழியும் ஓர் அலுவலக அதிகாரியே என்பது கவனிக்கத்தக்கது. இராமானுசன் மார்ச் 17 அன்று கப்பலேறினார். நெவிலின் கடிதத்திலிருந்து ஏழே வாரங்கள். கடிதம் ஏதேனும் ஒரு மேசையில் தங்கியிருந்தால் அந்த ஆண்டின் பயணமே தவறியிருக்கலாம்.

1919ஆம் ஆண்டுக் கடிதம்

பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு வழங்க முன்வந்தபோது, இராமானுசன் 1919 ஜனவரி 11 அன்று டியூஸ்பரிக்கு நன்றி தெரிவித்து எழுதினார். அதில் ஆண்டுக்கு 50 பவுண்டைப் பெற்றோருக்குத் தரும்படியும், தம் தேவை போக எஞ்சுவதை ஏழை, அனாதை மாணவர்களின் கட்டணத்துக்கும் புத்தகங்களுக்கும் செலவிடும்படியும் கேட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 26 அன்று அவர் காலமானார்.

மதிப்பீடு

இராமானுசனின் திறமையை உலகுக்குக் காட்டியவர்களாக ஹார்டியும் நெவிலும் நினைவுகூரப்படுகின்றனர். அது முறையே. எனினும் அறிஞர்களின் பரிந்துரை பணமாகவும் பயணமாகவும் மாற, கடிதத்தை உரிய குழுவிடம் உரிய காலத்தில் சேர்க்கும் ஒருவர் வேண்டும். கல்வி நிறுவனத் தலைமையில் பதிவாளர் போன்ற பதவிகளின் பயன் இதுவே.