நானோ மின்னணுவியல் கணினி ஆய்வு (கிள்ளான் பள்ளத்தாக்கு)

சில நானோமீட்டர் அளவே உள்ள மின்னணுப் பொருள்களும் டிரான்சிஸ்டர்களும் எப்படி நடந்துகொள்ளும் என்பதை, அவற்றைச் செய்து பார்ப்பதற்கு முன்பே கணினியில் கணக்கிட்டு அறியும் துறை இது. மலேசியாவில் இதன் முக்கிய இருப்பிடங்களில் ஒன்று கோலாலம்பூரை உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்கு. முனைவர் பட்டம் முடித்து ஒப்பந்தத்தில் சேரும் இளம் ஆய்வாளர்கள், பேச்சுவழக்கில் 'போஸ்ட்டாக்', இதன் அன்றாடச் சுமையைத் தாங்குகிறார்கள்.

இங்கே மின்னணுவியல் பல்கலைக்கழகத்தில் தொடங்கவில்லை, ஆலையில் தொடங்கியது. 1971இல் வந்த சுதந்திர வர்த்தக மண்டலச் சட்டத்தைத் தொடர்ந்து, பெட்டாலிங் ஜெயாவின் சுங்கைவே (இன்றைய ஸ்ரீ செத்தியா) வட்டாரத்தில் வெளிநாட்டு மின்னணு ஆலைகள் எழுந்தன. அவற்றுள் ஒன்று மோட்டோரோலா. அதன் சில்லுப் பிரிவு பிற்காலத்தில் ஃபிரீஸ்கேல் ஆகி, 2015இல் என்எக்ஸ்பியுடன் இணைந்தது. மலாய்க் கிராமங்களிலிருந்தும் ரப்பர்த் தோட்டங்களிலிருந்தும் இந்த ஆலைகளுக்கு வேலைக்கு வந்த பெண்கள் நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகளைச் சில்லுகளில் இணைத்தார்கள். சில்லு பிறந்தது வேறு நாட்டில். இங்கு நடந்தது பொருத்துதலும் சோதித்தலும் மட்டுமே. வடிவமைப்பும் உள்நாட்டிலேயே நடக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு, 1985இல் அரசு நிறுவிய மிமோஸ் ஆய்வு நிறுவனம் உருவம் கொடுத்தது. 2002இல் பாங்கியிலுள்ள மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தில் நுண்பொறியியல், நானோ மின்னணுவியல் கழகம் (ஐமென்) அமைந்தது. 2006இல் ஆய்வுப் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற நான்கில் மலாயாப் பல்கலைக்கழகம், தேசியப் பல்கலைக்கழகம், செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் இந்தப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவை.

கணக்கிடும் முறைகளை அளவைக் கொண்டு வகைப்படுத்துவதே தெளிவானது. பெரிய டிரான்சிஸ்டருக்கு, 1964இல் பெல் ஆய்வகத்தின் கும்மல் வகுத்த வழி போதும். அதில் மின்னோட்டம் ஒரு பாய்மம்போலக் கருதப்படுகிறது. அணுக்களின் மட்டத்துக்கு இறங்கினால் 1965இல் இயற்பியலாளர்கள் கோனும் ஷாமும் அளித்த சமன்பாடுகள் தேவை; கோனுக்கு 1998இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இவ்விரண்டுக்கும் இடையில், எலக்ட்ரான் அலையாகக் கருவியைக் கடக்கும் நிலையைக் கிரீன் சார்பு முறை விளக்குகிறது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகப் பேராசிரியர் சுப்ரியோ தத்தா இதைப் பொறியாளர்களின் கைக்குக் கொண்டுவந்தவர்.

கிராஃபீன் நாடா இத்துறையில் அடிக்கடி எடுத்தாளப்படும் பொருள். 2004இல் பிரித்தெடுக்கப்பட்ட கிராஃபீனில் மின்னோட்டம் தங்குதடையின்றிப் பாயும். ஆனால் எலக்ட்ரான்கள் இருக்க முடியாத ஆற்றல் இடைவெளி அதற்கு இல்லாததால் அதில் செய்த டிரான்சிஸ்டரை முழுமையாக அணைக்க முடியாது. அதைக் குறுகிய நாடாவாக வெட்டினால் இடைவெளி திறக்கும். எவ்வளவு திறக்கும் என்பது அகலத்தைப் பொறுத்தது. 'ஆர்ம்சேர்' எனப்படும் விளிம்புள்ள நாடாவில், அகலவாக்கிலுள்ள அணு வரிசைகளின் எண்ணிக்கையை மூன்றால் வகுத்து மீதி இரண்டு வந்தால் இடைவெளியே இல்லை என்றது பழைய எளிய மாதிரி. விளிம்பு அணுக்கள் சற்று இடம்மாறுவதையும் கணக்கில் சேர்த்தால் அதற்கும் ஒரு சிறிய இடைவெளி உண்டு. பின்னதே சரி. ஒரேயொரு வரிசை கூடினாலோ குறைந்தாலோ விடை மாறிவிடும் என்பதால், அகலத்தைக் கணினியில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது பரிசோதனைச் சாலையைவிடப் பல மடங்கு மலிவு.

எனினும் கணினி சொல்வதையெல்லாம் நம்பிவிட முடியாது. சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி சுமார் 1.1 எலக்ட்ரான் வோல்ட். கோன்-ஷாம் சமன்பாடுகளுக்கான வழக்கமான தோராய முறை காட்டுவதோ சுமார் 0.6தான். இந்தக் குறைபாட்டைச் சரிக்கட்டும் நுட்பமான முறைகள் இருக்கின்றன; அவற்றுக்குக் கணினி நேரம் பெருமளவில் செலவாகும். சாதாரண முறையிலேயே அணுக்களின் எண்ணிக்கை இரு மடங்கானால் நேரம் ஏறத்தாழ எட்டு மடங்காகிறது. எவ்வளவு சிறிய மாதிரியை எடுத்துக்கொண்டால் விடை பிழைக்காது என்று தீர்மானிப்பதில்தான் ஆய்வாளரின் திறமை வெளிப்படுகிறது.

2024 மே மாதம் அறிவிக்கப்பட்ட தேசியக் குறைகடத்தி வியூகம் குறைந்தது 2,500 கோடி ரிங்கிட் ஆதரவையும் 60,000 பொறியாளர்களுக்குப் பயிற்சியையும் இலக்காகக் கொண்டது. அதே ஆண்டில் பூச்சோங்கில் சில்லு வடிவமைப்புப் பூங்கா திறக்கப்பட்டது. ஆனால் இத்துறையின் அன்றாடச் சுமையைத் தாங்கும் போஸ்ட்டாக் பணி நிரந்தரப் பதவி அன்று. ஒப்பந்தமும் ஆய்வு நிதியும் உள்ளவரையே அது நீடிக்கும்.