மரண சாதனங்கள் கூறும் குடும்ப வரலாறு

கொழும்பின் வடபால், களனி கங்கையை அடுத்துள்ள கிராண்ட்பாஸ், ஒரு காலத்தில் ஆற்றைக் கடக்கும் பெருந்துறையாக விளங்கிற்று. அதன் பெயருக்குப் பொருளும் அதுவே. 1822ஆம் ஆண்டில் அங்கே தோணிகளைப் பிணைத்துப் பாலம் அமைத்தனர். இன்று தோணிப் பாலமும் இல்லை. அதைக் கடந்து சென்றோரும் இல்லர். ஆயினும் அவர்களுட் சிலர் விட்டுச்சென்ற மரண சாதனங்கள் எஞ்சியுள்ளன. தம் முன்னோரைத் தேடுவோர்க்கு அவை அரிய துணையாகும்.

ஒல்லாந்தர் எழுதிவைத்த காணித்தோம்பும் தலைத்தோம்பும் தேசிய சுவடிகள் கூடத்தில் பேணப்படுகின்றன. ஆங்கிலேயர் காலத்து நீதிமன்ற வழக்கேடுகளில் மரண சாதனத்தோடு, இறந்தவருடைய ஆதனங்களின் பட்டியலும் கணக்கும் சேர்ந்திருக்கும். கட்டிலும் பெட்டகமும் கடன் பாக்கியும் அப்பட்டியலில் வரிசையாக இடம்பெறும்.

இவற்றைப் படிப்போர் முதலில் கேட்கவேண்டிய வினா, அக்குடும்பத்தை எச்சட்டம் ஆண்டது என்பதே. உரோம ஒல்லாந்தச் சட்டத்தின்படி கணவன் மனைவியரின் ஆதனம் பெரும்பாலும் பொதுவாகும். 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே அம்முறையை நீக்கிற்று. ஆதலின், அதற்கு முற்பட்ட ஏடொன்றில் கணவன் பாதி வீட்டையே எழுதிவைத்திருப்பின், மறுபாதியை விற்றுவிட்டான் எனக் கொள்ளலாகாது. அது மனைவியின் உரிமையாக இருத்தல் கூடும்.

யாழ்ப்பாணத்தார்க்குரிய தேசவழமை 1707இல் தொகுக்கப்பட்டது. அதன் பழைய முறைப்படி, சீதனம் பெற்ற மகளுக்குப் பெற்றோரின் ஆதனத்தில் மேலும் உரித்தில்லை. ஆகவே, பங்கீட்டில் அவள் பெயர் இல்லாமையாலே, பெற்றோர் அவளை வெறுத்தனர் என்று முடிவு செய்தல் பெருந்தவறாகும்.

இலங்கைக்குத் தோட்டத்துரைமார் பலரை அனுப்பிய ஸ்கொத்லாந்திலும் இத்தகைய மயக்கம் உண்டு. அங்கே 1868ஆம் ஆண்டுவரை நிலத்தை மரண சாதனத்தால் அளித்தல் இயலாது. நிலம் பொதுவாக மூத்த மகனைத் தானே சேரும். அசையும் பொருளிலோ, மனைவிக்கு மூன்றிலொன்றும் மக்களுக்கு மூன்றிலொன்றும் உரியன. எஞ்சியதையே ஒருவர் விரும்பியவாறு அளிக்கலாம். ஆதலின் அங்கும், சாதனத்தில் பெயர் காணப்படாத மூத்த மகனே நிலமனைத்தையும் பெற்றவனாக இருத்தல் கூடும்.

இவ்வேடுகளில் நெஞ்சை வருத்தும் பக்கங்களும் உள. இலங்கையில் அடிமை முறை 1844இலேதான் முற்றாக ஒழிக்கப்பட்டது. அதற்கு முற்பட்ட சாதனங்களிலே, வெள்ளிக் கலங்களுக்கும் மரத் தளபாடங்களுக்கும் இடையே மனிதரின் பெயர்களும் காணப்படும். சிலரை விடுதலை செய்யுமாறு உடையவர் எழுதியிருப்பார். சிலரை மகனுக்கோ மகளுக்கோ பங்கிட்டிருப்பார். தமக்கென நிலமோ எழுத்தோ இல்லாத அம்மக்கள் வாழ்ந்தமைக்கு அவ்வொரு வரியே சான்றாக நிற்றலும் உண்டு.

ஆதலின், மரண சாதனத்தில் முன்னோரின் செல்வத்தை மட்டும் தேடுதல் போதாது. பெயர் விடுபட்டவர் ஏன் விடுபட்டார், பொருளோடு பொருளாக எழுதப்பட்டவர் யார் என்று வினவுதலும் வேண்டும். அவ்வாறு வினவுவோர்க்கே பழைய ஏடு ஒரு குடும்பத்தின் முழு வரலாற்றையும் உரைக்கும்.